திருத்தம் சொல்லும் முறை குறித்து உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

அனைவருக்கும் வணக்கம்.

0.1 உடன் 0.2-ஐக் கூட்டினால் மிகச் சரியாக 0.3 வராதது கணினி நிரல்மொழியின் பிழை என்று நம் நிரலாக்கக் குழு உறுப்பினர் ஒருவர் கடந்த வாரம் எழுதியபோது, கணினி பயன்படுத்தும், 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரும எண்முறையில் 0.1-ஐ முழுத் துல்லியத்துடன் குறிக்க இயலாது என்ற ஒரே வரி போதுமாயிருந்த இடத்தில், அவருடைய படிப்பையும் அனுபவத்தையும் கேலி செய்து செய்திகள் குவிந்தன. விளக்கம் சரியானதுதான், அதைப் படிக்க அவர் இப்போது குழுவில் இல்லை.

இது குறித்துப் பேச, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்குக் குழு அழைப்பு நடைபெறும். அதுவரை பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. திருத்துவதற்கு முன், சொன்னவர் நிரல்மொழியின் அல்லது மென்பொருளின் எந்தப் பதிப்பை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். தவறெனத் தோன்றுபவற்றில் பல, பழைய பதிப்பில் சரியாக இருந்தவையே.
2. கருத்தைத் திருத்துங்கள், ஆளைத் தொடாதீர்கள். ஆவணத்தின் சுட்டியையோ, இயக்கிப் பார்க்கக்கூடிய சிறு நிரலையோ இணையுங்கள்.
3. எழுத்துப்பிழைகளைத் தனிச்செய்தியில் சொல்லலாம். தரவு இழப்புக்கோ பாதுகாப்புக் குறைபாட்டுக்கோ வழிவகுக்கும் தவறை மட்டும், பலர் அதைப் பின்பற்றிவிடக்கூடும் என்பதால், குழுவிலேயே உடனடியாகத் திருத்த வேண்டும்.
4. ஒருவர் திருத்திய பின் அதையே மற்றவர்கள் திரும்பச் சொல்ல வேண்டாம்.
5. கோபமாக இருந்தால் ஓர் இரவு பொறுத்து எழுதுங்கள். 1995-இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தை நெறியிலேயே இந்த அறிவுரை உண்டு. நமக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கலந்துகொள்வோர் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் ‘வருகிறேன்’ என்று பதிலிட வேண்டுகிறேன்.