பிரேமத்தில் பெண் பேச்சு

உளுந்தூர்ப்பேட்டை
ஐப்பசி

அன்புள்ள சீனு,

நலம். நலமறிய ஆவல். இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது. வீட்டுச் சுவர் எவ்வளவு அழுக்கு என்பதும் தெரிகிறது. பெரியவள் தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. மழை பரவாயில்லை.

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். வைதேகியின் பிள்ளை முகுந்தன் புனேயில் இன்னொரு பையனோடு குடித்தனம் நடத்துகிறான் என்று தெரிந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறாய். அவள் மைத்துனர், “இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, நம் தர்மத்தில் கிடையாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ அதற்கு எதிர்த் தீர்ப்பு ஒன்றை என்னிடம் கேட்கிறாய். “பெண்ணாக நின்று பெருமாளைக் காதலித்து நாயகி பாவம் பாடிய ஆழ்வார்களை வைத்து ஏதாவது சொல்லேன், தமிழ் வாத்தியார்தானே நீ” என்று ஒரு குத்தல் வேறு.

அந்த மைத்துனருக்குப் பதில் சொல்வது எளிது. வைதேகிக்குச் சொல்வதுதான் கடினம். எளியதை முதலில் முடிக்கிறேன்.

அவர் தர்மசாஸ்திரம் என்று எதை நினைக்கிறாரோ தெரியவில்லை. மனுவையே எடுத்துக்கொள். ஆணோடு கூடிய இருபிறப்பாளன் உடுத்த துணியோடு நீராட வேண்டும் என்கிறார். அதே சுலோகத்தில் அதே பரிகாரம் இன்னும் சிலருக்கும் உண்டு: மாட்டு வண்டியிலோ, தண்ணீரிலோ, பகல் வேளையிலோ பெண்ணோடு கூடியவனுக்கு! அந்தக் கணக்கில் நம் தெருவில் பாதிப் பேர் ஈரத் துணியோடுதான் அலைய வேண்டும். அதே அத்தியாயத்தில் இன்னோரிடத்தில் இதைச் சாதியிழக்கும் குற்றங்களோடும் சேர்க்கிறார்; வேறோர் அத்தியாயத்தில், கன்னிப் பெண்ணைக் கெடுக்கும் பெண்ணுக்கு விரலை வெட்டு, கழுதைமேல் ஏற்று என்றெல்லாம் கொடூரமாகப் பேசுகிறார். ஆக, அவர் சொன்னது ஒரே குரலாக இல்லை. இதைக் குற்றமாக்கி ஆயுள் சிறை வரைக்கும் போகும் 377ஆம் பிரிவைக் கொண்டுவந்தது 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம். 1871இல் அவனே குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஒரு தனிப் பகுதி வைத்து, வடக்கே ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கைகளைப் பட்டியலெடுத்துக் கண்காணித்தான். மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானது எது என்று மைத்துனரைக் கேட்டுப் பார். அந்த 377ஆம் பிரிவு, வயதுவந்த இருவர் மனமொப்பி வாழ்வதைத் தொடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளவும் முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆழ்வார்களுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிறுத்தித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள். “ஞானத்தில் தம் பேச்சு; பிரேமத்தில் பெண் பேச்சு” என்று ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூல் நம்மாழ்வாரைப் பற்றிச் சொல்கிறது. தெளிவாக இருக்கும்போது அவர் சடகோபன். காதல் முற்றினால் பராங்குச நாயகி. நாரையைத் தூது விடுவாள், மகளைப் பார்த்துத் தாயாகவும் புலம்புவாள். “கங்குலும் பகலும் கண் துயில் அறியாள், கண்ண நீர் கைகளால் இறைக்கும்” என்று அந்தத் தாய் உங்கள் ஸ்ரீரங்கத்துப் பெருமாளிடம்தானே போய் நிற்கிறாள்? பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவையில், முத்தை வைத்துக் குறி கேட்கும் முத்துக்குறி பார்த்திருப்பாய். ஒரே ஆண், குல்லாயும் தாளமுமாக, தாய், மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி மூவருமாகிறார். யாராவது சிரித்துப் பார்த்திருக்கிறாயா? வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய பகல் பத்தின் கடைசி நாள் உற்சவர் நம்பெருமாளே நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். சேலையும் சவுரியும் சாத்திய அந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் ஊர் முண்டியடிக்கிறது.

இதையெல்லாம் காட்டி “பார், நம் ஆழ்வார்கள் ஓரினக் காதலை ஏற்றுக்கொண்டார்கள்” என்று வாதாடினால் அது நேர்மையாக இருக்காது, சீனு. பரமபுருஷன் ஒருவனே ஆண், மற்ற உயிரெல்லாம் பெண் என்பதுதான் அங்கே சித்தாந்தம். பெண் என்றால் ஒருவனைச் சார்ந்தே இருப்பவள் என்ற எண்ணத்தின்மேல் கட்டிய சித்தாந்தம் அது. பெண்ணுக்கே அதில் முழு நியாயம் கிடைக்கவில்லை என்று என் மருமகள் சண்டை போடுவாள், அவள் சொல்வதும் சரிதான். ஆணாக இருந்துகொண்டே ஓர் ஆணை விரும்புகிற முகுந்தனைப் பற்றி அங்கே எதுவும் இல்லை. சான்றிதழ் கேட்டு அங்கே போகாதே.

ஆனால் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமடலை ஒருமுறை எடுத்துப் பார். பனைமடல் குதிரையில் ஏறி ஊரறியக் காதலைச் சொல்கிற மடலேறுதல் ஆண்களுக்கு மட்டும் உரியது, பெண் ஏறக் கூடாது என்பது தமிழ் அகத்திணையின் கறாரான விதி. கடல்போல் காமம் வருத்தினாலும் மடலேறாத பெண்ணைப்போல் பெருமை வேறில்லை என்று வள்ளுவரும் வழிமொழிகிறார். நம் ஆழ்வார், ஒரு கள்ளர் தலைவனாக வாளேந்தித் திரிந்தவர், பரகால நாயகியாகி, ஊரறிய மடலேறப் போகிறேன் என்கிறார். தென்னாட்டார் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம், ஆனால் “அதனை யாம் தெளியோம், மன்னும் வடநெறியே வேண்டினோம்” என்று ஒரே போடு! ஆண் பெண்ணாகிறான், ஆனதும் பெண்ணுக்கு விதித்த வேலியையும் தாண்டுகிறாள். இதை விளிம்பில் ஒதுக்கி வைக்காமல் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் நடுக்கூடத்திலேயே உட்காரவைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். ஊருக்கு ஒவ்வாத காதலைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்க ஆயிரம் ஆண்டுக்குமேல் நம் காது பழகியிருக்கிறது. அவ்வளவுதான் நான் உரிமையோடு சொல்லக்கூடியது. என்னைக் கேட்டால் அது சிறியதில்லை.

எங்கள் பக்கத்தில் வேறு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கூத்தாண்டவர் என்கிற அரவானுக்குக் கோயில் உள்ள கூவாகம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்று உனக்குத் தெரியும். சித்திரையில் திருநங்கைகள் வந்து குவிவதைத்தான் பத்திரிகைகள் படம் பிடிக்கும். எங்கள் தாய்மாமனும் அங்கே தாலி கட்டிக்கொண்டவர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? குழந்தைக்குக் கண்டம் என்று வேண்டிக்கொண்டு, மீசையும் வேட்டியுமாகப் பூசாரி முன்னால் கழுத்தை நீட்டினார். மறுநாள் அரவான் தேர் போய், அழிகளத்தில் தாலியறுத்து வீட்டுக்கு வந்து, தலை முழுகிவிட்டு ஏர் பிடிக்கப் போனார். இங்குள்ள பல குடியானவர் வீடுகளில் இது சாதாரண நேர்த்திக்கடன். பாரதப் போருக்குக் களப்பலியாகப் போகிற அரவானுக்கு ஓர் இரவாவது துணை வேண்டும், பெண் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை, கண்ணன் மோகினியாகி மணந்தான். இதைத் தெருக்கூத்திலும் பாட்டிகள் வாயிலும் கேட்டு வளர்ந்தோம். கொத்தட்டை, தேவனாம்பட்டினம் என்று இன்னும் பல ஊர்களில் கூத்தாண்டவருக்குத் திருவிழா உண்டு.

அதையும் பூசி மெழுகிச் சொல்ல மாட்டேன். திருநங்கைகள் வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை சுற்றி, வாய்விட்டு அழுகிற அழுகையை ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். அது அரவானுக்கு மட்டும் அழுத அழுகை இல்லை. முந்தைய இரவு அவர்களைச் சீண்டவென்றே லாரி பிடித்து வந்த ஆண்களையும் பார்த்தேன். விழா முடிந்ததும் வீடு வாடகைக்குக் கேட்டால் இதே ஊர்க்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள். கர்நாடகத்தில் எல்லம்மாவின் ஜோகப்பாக்கள், குஜராத்தில் பகுசரா மாதாவின் ஹிஜ்ராக்கள், இவர்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். ஆசி வாங்க வேண்டும், பக்கத்தில் குடிவைக்கக் கூடாது.

நடுவில் நல்லதும் நடக்கிறது. 2018இல் தூத்துக்குடிச் சிவன் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மாலை மாற்றிக்கொண்டார்கள். பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். முகுந்தனைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது. ஆண் பெண்ணாவதற்கு நம்மிடம் ஆயிரம் கதை இருக்கிறது. ஆண் ஆணாகவே இருந்து ஆணோடு வாழ்வதற்குக் கதை குறைவு. முகுந்தன் நிலைமை திருநங்கைகளின் நிலைமையிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். வைதேகி குழம்புவதும் இங்கேதான்.

இனி வைதேகி. அவளுக்குச் சாஸ்திரக் கவலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேரன் பேத்தி இல்லை, திதி கொடுக்க அடுத்த தலைமுறை இல்லை, கல்யாண வீட்டில் யாராவது “பையனுக்கு இன்னும் ஆகவில்லையா” என்று கேட்டால் என்ன சொல்வது, இவைதான். நாம் கை கழுவ முடியாது என்றேனே, அது இதுதான். இதை எந்த வெள்ளைக்காரனும் எழுதித் தரவில்லை, நாமே பார்த்துப் பார்த்துக் கட்டினோம். இதற்கு ஆசார்ய ஹ்ருதயத்தில் மருந்து தேடாதே. பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுவதைக் கேள், போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. “ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்று மைத்துனர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் நீ குறுக்கே நில். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்தது. மாப்பிள்ளை கெட்டவனில்லை, பாவம். அவனும் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை, எட்டு வருடம் ஒருவரையொருவர் தின்றார்கள். யார் வீட்டுப் பெண்ணையோ மருந்தாக அரைத்துக் கொடுப்பது எந்தச் சம்பிரதாயத்திலும் தர்மமாகாது. மருத்துவர், மாந்திரீகம் என்று யாராவது ஆரம்பித்தாலும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இலேயே அப்படி “மாற்றுகிற” சிகிச்சைக்குத் தடை சொல்லிவிட்டார். தமக்கே இதில் தெளிவில்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு எழுதியவர் அவர். மைத்துனருக்கு அந்த அடக்கத்தையாவது சிபாரிசு செய்.

வைதேகி தினமும் திருப்பாவை சேவிப்பவள்தானே? “மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்” என்று மகள் ஆண்டாள் சொன்னபோது பெரியாழ்வார் என்ன செய்தார் என்று அவளையே கேட்டுப் பார். கலங்கினார், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து யாருக்கோ பிடித்துக் கொடுத்துவிடவில்லை. நீ விளக்கம் சொல்லத் தொடங்காதே. உனக்குத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது.

வைகுண்ட ஏகாதசிக்கு முகுந்தன் வருகிறான் என்றால், அந்த இன்னொரு பையனையும் அழைத்துவரச் சொல். வைதேகி வீட்டில் தயங்கினால் உன் வீட்டில் தங்கட்டும். அவன் மராட்டிக்காரன் என்றாயே, விட்டலனைப் பாடுகிற ஊர்க்காரனுக்கு அரங்கன் புதியவனா என்ன? நாச்சியார் திருக்கோலத்தன்று நானும் வந்துவிடுகிறேன். விருத்தாசலத்தில் ஏறினால் நேரே ஸ்ரீரங்கம். கண் மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்ததும் டிக்கெட் எடுத்துவிட்டு எழுதுகிறேன். கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொள்ள ஓர் இளைஞன் வேண்டும், இருவர் இருந்தால் இன்னும் வசதி.

உன் முழங்காலுக்கு அந்த எண்ணெயைத் தொடர்ந்து தடவுகிறாயா? தீர்ந்திருந்தால் சொல், வரும்போது இரண்டு பாட்டில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கோதண்டம்