கூடை இல்லாமல் வந்த அக்கா

நாகப்பட்டினம்
29.12.2024

அன்புள்ள ராஜி,

இங்கே நலம். முட்டிவலிக்கு அந்த எண்ணெயைத் தேய்ப்பதை விட்டுவிட்டு ஒழுங்காக டாக்டரைப் பார். பெரியவனுக்கு என் ஆசிகள். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. அன்றைக்கு உனக்கு போன் செய்தபோது, "அழு, நான் லைன்லயே இருக்கேன்" என்று மட்டும் சொன்னாய். கால்மணி நேரம் இருந்தாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 2021 மே மாதம் உன் வீட்டுக்காரர் போனபோது நான் என்ன செய்தேன்? வாட்ஸ்அப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று இரண்டு வார்த்தை. ஊரடங்கு, பஸ் இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் வரவில்லையே. வந்தால் என்ன பேசுவது என்று பயம். மூன்றரை வருஷமாக உன்னிடம் பிள்ளைகளின் படிப்பு, மல்லிகைப்பூ விலை, ஹாஸ்டல் வார்டன் கதை எல்லாம் பேசினேன். அவர் பேரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ திட்டுவாய். எழுதிவிட்டேன், திட்டிக்கொள்.

இங்கே துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசியதைக் கேட்டிருந்தால் உனக்கே கோபம் வந்திருக்கும். எண்பது வயசு, கல்யாணச் சாவு, கிடையில் விழாமல் போய்ச் சேர்ந்தார்கள், புண்ணியவதி. வயசு எண்பதாக இருக்கட்டும், எனக்கு அம்மா அவள் ஒருத்திதானே? தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆறாம் நாள் கீச்சாங்குப்பத்து அக்கா வந்தாள். உனக்குச் சங்கரா மீன் ஆயக் கற்றுக்கொடுத்தாளே, அவளேதான். துக்க வீட்டில் மீன் வாங்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். தலையில் கூடை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மகளைப் பற்றி ஆரம்பித்தாள்.

இருபது வருஷமாக நம் வீட்டு வாசலுக்கு வருகிறவள். சுனாமியில் மகள் போய்விட்டாள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, நானும் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஏழு வயசுப் பிள்ளை ரெட்டைச்சடை கேட்டு அடம் பிடித்திருக்கிறது. இவளுக்குத் துறைமுகத்துக்கு ஓட வேண்டும், மீன் ஏலம் போய்விடும். "பள்ளிக்கூடமா போற, ஒத்தைச்சடை போதும்" என்று இழுத்துப் பின்னி, பச்சை ரிப்பன் கட்டி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததாம். காலை ஆறரை மணிக்கே சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி ஆடியிருக்கிறது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது மணி வாக்கில் தண்ணீர் வந்தபோது சுனாமி என்ற பேர்கூட யாருக்கும் தெரியாது, "கடல் வந்துருச்சு"ன்னு கத்திக்கிட்டுத்தான் ஓடினோம் என்றாள். மூன்றாம் நாள் வரிசையாகக் கிடத்தியிருந்ததில் முகத்தை வைத்து எந்தப் பிள்ளை எவருடையது என்று சொல்ல முடியவில்லை. "சடையை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன் தங்கச்சி. ஒத்தைச்சடை."

அவள் அழவில்லை, ராஜி. நான்தான் அழுதேன். அழுதுகொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லிவிட்டேன். தம்பியிடம்கூட சொன்னதில்லை. கடைசி ராத்திரி பத்து மணிக்கு அம்மா காபி கேட்டாள். "இப்பக் குடிச்சா தூக்கம் வராது, காலையில தரேன்" என்று விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். காலையில் கொடுக்க அம்மா இல்லை.

'உன் தப்பு இல்லை' என்று அக்கா சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "அம்மா எத்தனை கரண்டி சர்க்கரை போட்டுப்பாங்க?" என்று கேட்டாள். இரண்டு, டாக்டருக்குத் தெரியாமல் இன்னும் அரை என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அதிலிருந்து இதே யோசனைதான். சின்ன வயசில் எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பார்த்து நமக்குக் கோபம் வரும், நினைவிருக்கிறதா? செத்தது யாரோ, இவர்கள் எப்போதோ போன புருஷனையும் பிள்ளையையும் சொல்லி அழுகிறார்களே என்று. அது பொய் அழுகை இல்லையடி. தன் துக்கத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால்தான், துக்கத்தில் இருக்கிறவளுக்கு வாய் திறக்கும். கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தது அதற்குத்தான். நாம் படித்தவர்கள் அதை விட்டுவிட்டு 'ஆழ்ந்த இரங்கல்' அனுப்பக் கற்றுக்கொண்டோம்.

மூன்று நாள் முன்னால், 26-ஆம் தேதி, அக்காவோடு முதல்முறையாகக் கடற்கரைக்குப் போனேன். சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்குப் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. எல்லோரும் பேசாமல் நடந்துபோய்ப் பாலை ஊற்றிப் பூவை விட்டார்கள். அதற்கப்புறம் பெண்கள் மணலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், வருஷா வருஷம் கேட்டதுதான். ஒருத்தி ஓர் இடத்தில் விட்டால் இன்னொருத்தி எடுத்துக் கொடுக்கிறாள். அக்கா ரெட்டைச்சடையைச் சொன்னதும் பக்கத்திலிருந்தவள், "ரிப்பன் பச்சை, மஞ்சள் பூ போட்டது, நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றாள். அந்த ரிப்பனை நினைவில் வைத்துக்கொள்ள இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், ராஜி? முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். பதினாறாம் நாள் நீயும் பிள்ளையும் மட்டும். திண்ணை முழுக்கக் காலி. அவரைப் பற்றி யாரும் உன்னிடம் ஒரு கதைகூடச் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும், என்னிடம் ஒன்று இருந்தது.

2010 மழைக்காலத்தில் இங்கே வந்திருந்தீர்கள், உனக்குச் சளியும் இருமலும். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் அடுப்படிக்கு வந்து, "அத்தை, நண்டு ரசம் எப்படி வைக்கணும்னு சொல்லுங்க, ஊருக்குப் போயும் அவளுக்கு வச்சுத் தரணும்" என்று அம்மா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் 'ஒரு கை', 'கொஞ்சம்' என்பாள். அவர் விடவே இல்லை, "ஒரு கைன்னா யார் கை அத்தை, உங்க கையா என் கையா?" என்று கேட்டு, அம்மா உள்ளங்கையில் மிளகை அள்ளவைத்து எண்ணினார். எண்பத்தி நாலு. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. கடைசியில் தாளை மறந்துவிட்டு பஸ் ஏறி, மறுநாள் போன் செய்து மறுபடி கேட்டார். நீ ஒரு வாரம் குடித்த ரசம் அதுதான். தானே கண்டுபிடித்த மாதிரி உன்னிடம் பெருமை அடித்திருப்பார்.

போன வாரம் அம்மாவின் பீரோவை ஒழித்தேன். ரேஷன் கார்டு உறைக்குள் அந்தத் தாள் நாலாக மடித்து இருந்தது. அம்மா ஏன் வைத்திருந்தாள் என்று கேட்க ஆள் இல்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்திருக்கிறது, மெதுவாகப் பிரி. 'பூண்டு தட்டிப் போடணும், நறுக்கக் கூடாது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

பொங்கல் கழிந்து இரண்டாம் ஞாயிறு வருகிறேன். நாலு நாள் இருப்பேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியாததை எல்லாம் நீ சொல்ல வேண்டும். நண்டு நான் இங்கிருந்து கொண்டு வருகிறேன், மிளகு மட்டும் எண்ணி வை.

உன்
செல்வி