பூட்டு எடுத்த சைக்கிள் வேண்டாம்

தலவாக்கலை, இலங்கை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தையும் அவ்வாறே எதிர்பார்க்கிறோம். இரவு வேலை முடிந்து விடியற்காலைக் குளிரில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதை விட மின் சைக்கிள் ஒன்றை வாங்கிவிடலாம் என்று நீ நினைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பிரித்தானியாவின் ஷெஃபீல்ட் நகரமும் நம்மூரைப் போல மேடும் பள்ளமுமாக இருப்பதாக நீ சொல்லியிருக்கிறாய். மிதித்து மட்டுமே ஏற வேண்டிய சைக்கிளை வைத்துக்கொண்டு அங்கே நீ சிரமப்படுவாய். நம் தோட்டங்களில் சைக்கிளை அதிகம் காண முடியாததற்கும் ஏற்றந்தானே காரணம். ஆனால் உன்னுடன் வேலை செய்பவர் விற்கப்போகும் வண்டியை, "வேகப் பூட்டை எடுத்துவிட்டேன், 50 கிலோமீற்றர் போகும்" என்று அவர் பெருமையாகச் சொன்ன அதே வண்டியை, நீ வாங்கக் கூடாது. வேகப் பூட்டு என்பது குறிப்பிட்ட வேகத்தில் மோட்டாரின் உதவியை நிறுத்தும் கட்டுப்பாடு. அது இல்லாத வண்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிரித்தானிய அரசாங்கத்தின் விதிகளைத் தம்பி தன் தொலைபேசியில் தேடியெடுத்து எனக்குத் தமிழில் விளக்கிச் சொன்னான். மோட்டாரின் தொடர் வலு 250 வாட்டுக்கு மேற்படாமல், மணிக்கு 15.5 மைல், அதாவது ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும் மோட்டாரின் உதவி தானாக நின்றுவிடுவதாக, மிதித்து ஓட்டக்கூடியதாக இருக்கும் வண்டியைத்தான் அந்நாட்டுச் சட்டம் சைக்கிளாக ஏற்றுக்கொள்கிறது. 14 வயது நிறைந்த எவரும் அதை அனுமதிப்பத்திரமோ பதிவோ காப்புறுதியோ இல்லாமல் ஓட்டலாம். அந்த எல்லையைத் தாண்டும் வண்டி, பார்வைக்கு எவ்வளவு சாதுவான சைக்கிளாக இருந்தாலும், மோட்டார் வாகனமாகவே கணக்கில் கொள்ளப்படும். பதிவு, இலக்கத்தகடு, காப்புறுதி, அனுமதிப்பத்திரம், மோட்டார் சைக்கிளுக்குரிய தலைக்கவசம் அத்தனையும் அதற்கு வேண்டும். இவை இல்லாமல் அகப்பட்டால் பொலிஸார் வண்டியைக் கைப்பற்றலாம். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கு 300 ஸ்டேர்லிங் பவுண் தண்டப்பணமும் 6 தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படலாம். அந்தப் புள்ளிகள் பின்னர் நீ கார் ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது அதிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். யாராவது ஒருவர் மீது மோதிவிட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டிய நட்டஈடு முழுவதும் உன் தலையில்தான் விழும். பூட்டை எடுத்தவருக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை; ஓட்டுகிறவருக்குத்தான் எல்லாம்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் என் பதில் மாறாது. மணிக்கு 25 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் 7 மீற்றர் நகர்கிறது. 50 என்றால் 14 மீற்றர். குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வருவதைக் கண்டு உன் விரல் பிரேக்கை அழுத்துவதற்கே ஏறக்குறைய ஒரு செக்கன் போய்விடும். அதற்குப் பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. சைக்கிளின் பிரேக்கும் டயரும் பிரேமும் அந்த வேகத்தை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. இதைவிடப் பெரிய ஆபத்து மற்றவர்களின் கணிப்பில் இருக்கிறது. குறுக்கு வீதியிலிருந்து காரைத் திருப்பும் ஒருவர் உன்னைப் பார்ப்பார். சைக்கிள்தானே, வந்து சேர நேரம் இருக்கிறது என்று எண்ணித் திருப்பிவிடுவார். அவர் கணித்த வேகத்தில் நீ வரமாட்டாய். இங்கே நகருக்குள் முச்சக்கர வண்டிக்கே 40 கிலோமீற்றர்தான் எல்லை என்றிருக்க, அதனையும் மிஞ்சும் வேகத்தில் இரண்டு மெல்லிய சக்கரங்களின் மேல் உன்னை ஏற்றிவிட எனக்கு மனம் வராது.

இனி இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 25 என்ற எல்லை மோட்டாருக்கு மட்டுமே. மலைச்சரிவு அதை மதிக்காது. சட்டப்படியான சைக்கிளும் செங்குத்தான இறக்கத்தில் மோட்டார் ஓய்ந்த பிறகும் தன் பாரத்தால் வேகமெடுக்கும், மின் சைக்கிளோ சாதாரண சைக்கிளை விடப் பாரம் கூடியது. லொறியில் "ஏறிய கியரிலேயே இறங்கு" என்பது லொறிச் சாரதிகளான எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதற்பாடம். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும்; பிரேக்குக்குப் பாதி வேலைதான். நானுஓயாவின் ரதல்ல குறுக்கு வீதி, 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்த அதே வீதி, எவ்வளவு செங்குத்தானது என்பது உனக்கும் தெரியும். பனிமூட்டத்துக்குள் முன்னால் போகும் லொறி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் பிரேக் லைனிங் கருகும் நாற்றம் மூக்கில் ஏறுவதை அந்த வீதியில் எத்தனையோ முறை உணர்ந்திருக்கிறேன். பெரும்பாலான சைக்கிள்களிலோ கியரை மாற்றினாலும் எஞ்சின் பிடிப்பு என்று ஒன்று கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டில் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகையால் இறக்கத்தின் தலைப்பிலேயே வேகத்தைக் குறைத்துவிடு. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி. அங்கே வலக்கைப் பிரேக் பெரும்பாலும் முன்சக்கரத்துக்குரியது, அதை மட்டும் திடீரென்று இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும். பிரேக்கை மெதுவாக அழுத்தியபடியே நெடுக இறங்காதே. நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, சற்று விட்டு, மறுபடி பிடி, பிரேக் தகடு சூடாறும். வளைவுக்கு முன் நேரான பகுதியிலேயே பிரேக் பிடித்து முடித்துவிடு, வளைவுக்குள் பிடிக்காதே. இலையுதிர் காலத்தில் நனைந்த இலைகள் கிடக்கும் இடமும் மழை நாளில் டிராம் தண்டவாளமும் சோப்புப் பூசியது போல வழுக்கும். தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். எப்போதும் தண்டவாளத்துக்கு நேர் குறுக்காகவே கடந்து போ.

லொறிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பற்றி நான் சொல்வதை வேறு எதையும் விடக் கவனமாகக் கேள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் வலப்பக்க ஆசனத்தில் இருந்து இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் தெரிவது பின்சக்கரமும் அதற்கு அப்பால் ஒடுங்கிய ஒரு பட்டை வீதியும் மட்டுமே. இடக்கதவின் கீழே ஒரு ஆள் நின்றாலும் சாரதிக்குத் தெரியாது. பிரித்தானியாவிலும் வாகனங்கள் இடப்பக்கமாகத்தான் போகின்றன, சாரதியும் வலப்பக்கத்தில்தான் இருக்கிறார். ஆகவே குருட்டிடமும் அதேதான். இடப்பக்கம் திரும்ப வேண்டிய நீண்ட லொறி முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். வழி விட்டிருக்கிறார் என்று எண்ணிச் சைக்கிள்காரர் இடப்பக்கமாக நுழைவார். லொறி திரும்பும்போது முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் போகாது, ஓரத்தை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஆகவே சிவப்பு விளக்கில் நிற்கும் லொறியின் இடப்பக்கம் எவ்வளவு இடம் இருந்தாலும் போகாதே, பின்னால் நில். நேரம் போனால் போகட்டும்.

நிறுத்தி வைத்த கார்களை ஒட்டியும் போகாதே, கதவு திறக்கும் அகலமாவது, 1 மீற்றராவது விலகிப் போ. அங்குள்ள வீதி விதிக்கோவையில் 2022 ஜனவரியில் செய்த திருத்தத்தின்படி, 30 மைல் வேகம் வரை சைக்கிளை முந்துபவர் குறைந்தது 1.5 மீற்றர் இடம் விட வேண்டும் என்று தம்பி வாசித்தான். எல்லோரும் விடுவார்கள் என்று எதிர்பார்க்காதே. ஆனால் பயந்து வடிகான் ஓரத்தில் ஒடுங்கினால் இன்னும் நெருக்கிக்கொண்டுதான் முந்துவார்கள். நடைபாதையில் ஓட்டுவது குற்றம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் மிதிகளில் மஞ்சள் நிறப் பிரதிபலிப்பான்களும் இருக்க வேண்டும். சைக்கிளுக்குத் தலைக்கவசம் அங்கே கட்டாயம் இல்லையாம்; உனக்கு அது கட்டாயம், இது அம்மாவின் கட்டளை. இங்கே பொலிஸைக் கண்டவுடன் மட்டும் முழங்கையிலிருந்து தலைக்கு ஏறும் தலைக்கவசங்களை நீ போதியளவு பார்த்திருக்கிறாய்.

பெட்டரி விஷயத்தில் அலட்சியம் கூடாது. உங்கள் வீட்டில் ஐந்தாறு பேர் தங்கியிருப்பதாகவும் வாசலுக்குப் போகும் ஒடுங்கிய நடையில்தான் சைக்கிள்களை நிறுத்துவதாகவும் எழுதியிருந்தாய். லித்தியம் பெட்டரியில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். வெளியேறும் வழியிலேயே அது எரிந்தால் மாடியில் இருப்பவர்கள் எந்த வழியாக வருவார்கள்? லண்டன் தீயணைப்புப் படையும் வெளியேறும் வழியில் சைக்கிளை வைக்கவோ சார்ஜ் செய்யவோ வேண்டாம், தூங்கும்போது சார்ஜில் விட வேண்டாம், வண்டிக்கென்று வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள் என்றுதான் எச்சரிக்கிறது. பூட்டு எடுத்த வண்டியின் பெட்டரியை யார் திறந்தார், எதை எதனுடன் இணைத்தார் என்று உனக்கு எப்படித் தெரியும்? குளிர் காலத்தில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது மோட்டாரின் வலு அல்லது தயாரித்த நிறுவனத்தின் பெயரும், பெட்டரியின் வோல்ட் அளவு அல்லது உச்ச வேகமும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார். எழுத்தை மட்டும் நம்பாமல் சமதரையில் ஓட்டிப் பார். 25ஐ எட்டியதும் மோட்டாரின் உதவி நிற்பது காலுக்கே தெரியும். மிதிக்காமல் கைப்பிடியை முறுக்கினாலே பறக்கிறது என்றால் இறங்கி வந்துவிடு.

புதிய வண்டிக்குப் பணம் போதாது என்று நீ சொல்வாய். வேலைக்குப் போக சைக்கிள் வாங்குபவர்களுக்குச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழித்துக்கொள்ளும் திட்டம் அங்கே இருக்கிறது, மின் சைக்கிளும் அதில் அடங்கும். உன் ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பார். அதுவும் சரிவராவிட்டால் இம்மாதமும் அடுத்த மாதமும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கூரைத் தகரத்தை மாற்றுவதற்காகத்தான் அந்தப் பணத்தை எண்ணியிருந்தோம். ஒழுகும் இடங்களுக்குத் தார் பூசினால் இந்த மழைக்குத் தாங்கும். கடையில் உனக்குப் பிடித்த வண்டியின் பிரேக்குகளையும் அந்தக் குறிப்புகளையும் கிட்டத்தில் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிடு. நான் பார்த்துப் பதில் சொல்லும் வரை முற்பணம் கட்டாதே.

அன்புடன்,
அப்பா