இரவு ரயில் விமானத்துக்கு ஈடாகுமா? தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து மதுரைக்கும் கோவைக்கும் விமானத்தில் போக வேண்டிய அவசியமே இல்லை என்று நம்புகிறவன் நான். பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்குள் எழும்பூரை விட்டால் ஐந்தரை வாக்கில் மதுரை. சேரன் எக்ஸ்பிரஸில் சென்ட்ரலில் ஏறிப் படுத்தால் விடியும்போது கோவை. விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஆனால் மீனம்பாக்கம் போய்ச் சேர்வது, சோதனைக்கு நிற்பது, அந்தப் பக்கம் இறங்கி ஊருக்குள் வருவது என்று பகலில் நாலு மணி நேரம் போய்விடுகிறது. ரயிலுக்கு நாம் கொடுப்பது தூங்கும் நேரத்தை மட்டும்தான்.

அப்படியும் மக்கள் ஏன் பறக்கிறார்கள்? பெர்த் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

நாளை மறுநாள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வருகிறது என்று இன்றைக்குத்தான் தெரியவருகிற ஒரு வக்கீலை நினைத்துப் பாருங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்து, எப்போதோ நிரம்பிவிட்டது. காலை 10 மணிக்கு ஏசி தட்கல் என்ற கடைசி நேர முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். சார்ட் போடும் வரை போவோமா மாட்டோமா என்று தெரியாது. ஆர்ஏசி கிடைத்தாலும் பக்கவாட்டுக் கீழ்ப் பெர்த்தில் இன்னொருவரோடு முட்டியை மடக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார வேண்டும். காலையில் நீதிபதி முன் நிற்க வேண்டியவர் என்ன செய்வார்? காசு இருந்தால் விமானம், இல்லையென்றால் ஆம்னி பஸ்.

இதற்கு வேகம் தீர்வு இல்லை. 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய வந்தே பாரத் ஸ்லீப்பர் வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் சுமார் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு அதை இரவு ஒன்பதரைக்கு எடுத்தால் மூன்று, நாலு மணிக்கே மதுரையில் இறக்கிவிடும். அது யாருக்கு வேண்டும்? அந்த வேகத்தை வைத்துப் புறப்படும் நேரத்தைத் தள்ளிப் போடுங்கள். பதினொன்றரைக்குக் கிளம்பி ஆறரைக்குச் சேரட்டும். ஒன்பது மணி வரை வேலை இருப்பவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஏறலாம். 16 பெட்டியில் 823 பெர்த். சின்ன ஏடிஆர் விமானம் பத்து முறை பறந்தாலும் அத்தனை பேரை ஏற்ற முடியாது.

வேகம் உண்மையிலேயே உதவுவது திருவனந்தபுரத்துக்கு. இன்று மெயில் ஏறக்குறைய 16 மணி நேரம் எடுக்கிறது, மறுநாள் காலை முழுக்க வீண். அதைப் பன்னிரண்டாகக் குறைத்தால் அங்கேயும் விமானத்தை விட்டு வருவார்கள். மும்பை, டெல்லிக்கெல்லாம் இந்தப் பேச்சு செல்லாது, அது வேறு தூரம். பெங்களூருக்கும் இரவு ரயில் சரிப்படாது. பெங்களூர் மெயிலில் ஏறியவர் நாலரைக்கே இறங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தடத்துக்குப் பகல் ரயில்தான் சரி.

பாதையில் இடமில்லை என்பீர்கள். தாம்பரம்–செங்கல்பட்டு நெரிசல் எனக்கும் தெரியும். ஆனால் எழும்பூரிலிருந்து மதுரை வரை இரட்டைப் பாதையும் மின்மயமும் முடிந்துவிட்டன. புறநகர் ரயில்கள் அடங்கும் நள்ளிரவை ஒட்டி ஒரு ரயிலுக்கு அங்கே வழி பிறக்காதா?

மதுரைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்று பதினோரு மணிக்கு மேல் கிளம்பும் ஏசி ரயிலை ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். கால்வாசிப் பெர்த்தைக் கடைசி மூன்று நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அதற்குக் கட்டணம் கூடுதலாக இருக்கட்டும், ஆனால் முன்கூட்டியே சொன்ன ஒரே கட்டணமாக இருக்கட்டும். அந்த ரயிலில் ஆர்ஏசி வேண்டாம். அப்புறம், மதுரையிலும் கோவையிலும் பிளாட்பாரத்தை ஒட்டிக் குளித்து உடை மாற்றச் சுத்தமான அறைகள் வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. ஐந்தரைக்கு இறங்கிப் பத்து மணிக்கு அலுவலகம் போகிறவர் அதற்காக லாட்ஜில் ஒரு நாள் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடுகிறது.

அடுத்த கால அட்டவணையிலேயே இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னை–மதுரை இரவு ரயில் பயணி ஒருவர்