25,000 ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டர்

அன்பு குமாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா பி.காம். சேர்ந்தது மகிழ்ச்சி. தேவனாம்பட்டினம் பக்கம் மழை விட்டதா? இங்கே முத்தியால்பேட்டையில் சுவர் இன்னும் காயவில்லை. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்: மானிட்டரோடு சேர்த்து 25,000 ரூபாய்க்குள் டெஸ்க்டாப், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதா, ஆயத்தமாக வாங்குவதா?

முன்பெல்லாம் இதற்குப் பதில் சுலபம். ரைசன் 5 5600ஜி பிராசசர், அதற்கு ஒரு ஏ520 மதர்போர்டு, சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை, முடிந்தது வேலை. 2025 கடைசியில் ரேம் விலை ஏற ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு கெட்டுவிட்டது. மெமரி சிப்பை ஏஐ டேட்டா சென்டர்கள் மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்துவிட்டது. காலையில் சொன்ன விலை மாலையில் நிற்பதில்லை.

அதனால் என் யோசனை மூன்றாவது வழி: ஆபீஸ்களில் நாலைந்து வருஷம் ஓடி, லாட்டாக வெளியே வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர். அந்தப் பெட்டிக்குள் ரேம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் புரோ சாவியும் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்து வரும். அசெம்பிள் மெஷினுக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் கடைக்காரர் திருட்டு விண்டோஸைப் போட்டுத் தள்ளிவிடுவார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, முதலில் பிராசசரின் தலைமுறை. "ஐ5 சார்" என்று சொன்னால் தலையாட்டாதே. ஐ5-3470 கூட ஐ5 தான், 2012 சரக்கு. அதைப் பளபளக்கும் புதுக் கேபினட்டில், புது எச்61 போர்டில் பூட்டி, கலர் லைட் எரியவிட்டு வைத்திருப்பார்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையாவது வேண்டும். ஐ5-8500, ஐ5-9500 மாதிரி, கோட்டுக்குப் பின்னால் நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம் 8 அல்லது 9; ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை, அது 10 அல்லது அதற்கு மேல். 8500, 9500 இரண்டுக்கும் ஆறு கோர். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் தாராளம். கடையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பெயரை நீயே படி. பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதே.

அடுத்தது பெட்டியின் அளவு. உள்ளங்கை அகல மினி மெஷின் பார்க்க அழகு. ஆனால் உள்ளே லேப்டாப் ரேம், வெளியே தனி அடாப்டர், நாளைக்குப் பழுதானால் தேடி அலைய வேண்டும். ஒல்லிப் பெட்டியில் அரை உயர கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான் நுழையும். டவர் கிடைத்தால் டவரையே எடு. இவற்றின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த அளவு, சொந்த கனெக்டர், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. இந்த வழியின் பெரிய குறை இதுதான், மறைக்கவில்லை. இன்னொரு சின்ன வம்பு: பல மாடல்களில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து மானிட்டர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். ஒரு கன்வெர்ட்டரையும் சேர்த்துப் பேரம் பேசு.

கடையிலேயே செய்ய இன்னும் இரண்டு சோதனை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை ஓட்டி எஸ்எஸ்டி ஆரோக்கியம் எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார். பிறகு ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள், அதாவது மெஷினின் அடிப்படை செட்டிங் பக்கத்துக்குள் போ: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம், பழைய ஆபீஸ் போட்ட பூட்டு அது. தேதி 2018-க்குப் போயிருந்தால் பயப்படாதே, போர்டிலுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், சில்லறைச் செலவு. வீட்டில் ஒரு ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிடு. ஒரே ஒரு எரர் வந்தாலும் ரேமை மாற்றித் தரச் சொல்.

பாப்பாவுக்கு வீடியோ எடிட்டிங், விளையாட்டு என்று ஆசை இருந்தால்தான் அசெம்பிள். அப்படிப் போனால் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருக்கிறதா பார். ஐ3-12100எஃப் விலை குறைவு, ஏனென்றால் அதில் கிராபிக்ஸே கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் 5600ஜி-க்கு 16 ஜிபி ஒரே ஸ்டிக் போடாதே, 8 ஜிபி இரண்டு போடு. அதன் கிராபிக்ஸ் ரேமைத்தான் தன் நினைவாக எடுத்துக்கொள்கிறது, ஒற்றை ஸ்டிக்கில் தகவல் வரத்து பாதியாகிவிடும். கேபினட்டோடு இலவசமாகத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை அங்கேயே வைத்துவிட்டு வா.

பூட்டும்போது போர்டைக் கேபினட்டில் வைப்பதற்கு முன்பே அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பார். பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் போதும். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு என்றால் முதல் சந்தேகம் பிராசசர் பக்கத்திலுள்ள 8 பின் பவர் ஒயர் மேல். அதை மறக்காதவர் குறைவு. அதுவும் சரியாக இருந்தால் ரேமைக் கழற்றி, இரண்டு பக்கமும் 'டக்' கேட்கும்வரை அழுத்து. டிடிஆர்5 ரேம் என்றால் முதல் முறை சில நிமிஷம் சும்மாவே நிற்கும், பதறி அணைக்காதே. 5600ஜி-யின் கூலரைப் பின்னால் எப்போதாவது கழற்ற நேர்ந்தால் நேராக இழுக்காதே. பேஸ்ட் காய்ந்து பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, இடவலமாகத் திருகி எடு.

எதை வாங்கினாலும் உன் வீட்டுக்கு எதிரி உப்புக் காற்று. ரேமின் தங்க நிறக் காலில் கறுப்பு படியும், செம்பில் பச்சை பூக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வரும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைப்பது ஈரத்தை உள்ளேயே அடைப்பதுதான். தினம் அரை மணியாவது ஓடினால் உள்சூடே ஈரத்தை விரட்டும். தானே புயல், ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த ஊர் நம்முடையது, பெட்டியைத் தரையில் வைக்காதே.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் பெரும்பாலும் எர்த் இல்லை என்று அர்த்தம். உடனே மெஷினைக் குற்றம் சொல்லாதே, பிளக் பாயின்ட்டை எலெக்ட்ரீசியனிடம் காட்டு. யுபிஎஸ்ஸுக்கு அவசரமாகச் செலவழிக்காதே. உன் இன்வெர்ட்டரில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பார். இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில்தானா என்று பார். கரண்ட் போனாலும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடினால் அந்தக் காசு மானிட்டருக்கு.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பெட்டியின் பின்பக்க லேபிளையும் டாஸ்க் மேனேஜரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
செல்வம்