லிஃப்ட் கிட் பில்லில் வரும் கூடுதல் வரிகள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பணிமனையில் போட்ட பில் ஒன்றின் படம் சில வாரங்களாக உங்களில் பலருடைய கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்திருப்பதை நாங்கள் அறிவோம். கனரகப் பிக்கப் ஒன்றை லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு, போட்டு நான்கு அங்குலம் உயர்த்தியதற்கான பில் அது. காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆகிய இரண்டுக்கும் கீழே இருக்கும் எல்லா வரிகளையும் சிவப்பில் வட்டமிட்டு, "கேட்டது உயரம், கிடைத்தது உதிரிபாகப் பட்டியல்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். வண்டியின் உரிமையாளர் அதைத் தாம் பரப்பவில்லை என்று எங்களிடம் கூறிவிட்டார். அவரோடு எங்களுக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. ஆனாலும், வட்டமிடப்பட்ட அந்த வரிகளைத் தேவையில்லாமல் சேர்த்தோம் என்ற பேச்சை அப்படியே விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் வட்டமிட்டிருந்தது, நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ட்ராக் பார். முன்பக்கம் ஒரே நேர் ஆக்ஸிலாக இருக்கும் வண்டிகளில், அந்த ஆக்ஸில் இடமோ வலமோ நகராதபடி சேஸியோடு பிடித்து வைத்திருப்பது இந்த ஒற்றைக் கம்பிதான். ஒரு முனை சேஸியிலும் மறு முனை ஆக்ஸிலிலும் பூட்டப்பட்டிருப்பதால், சேஸி மேலே போகப் போகக் கம்பியின் சாய்வு கூடி, ஆக்ஸில் முழுவதும் ஒரு பக்கமாக இழுபடும். நான்கு அங்குல உயர்வில் அது ஏறத்தாழ அரை அங்குலம் வரை வரும். முன்சக்கரம் ஒரு பக்கம் வெளியே தள்ளி நிற்பதை உங்கள் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட முக்கியமானது, ட்ராக் பாரும், ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் (drag link) கம்பியும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்க வேண்டும் என்பது. ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிட்டால், சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீரிங் தானாகவே திரும்பும். பில்லில் அடுத்த வரியாக, ஸ்டீரிங் பெட்டியிலிருந்து டிராக் லிங்கை அசைக்கும் பிட்மன் ஆர்ம் வந்ததற்குக் காரணம் இதுவே.

அதற்கும் கீழே இருந்தது, ஆக்ஸிலை முன்பின் நகராமல் சேஸியோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்மைக் கீழிறக்கும் பிராக்கெட். அதைப் பற்றித்தான் அதிகம் கேலி பேசப்பட்டது. "இரண்டு இரும்புத் துண்டுக்கு இவ்வளவா?" என்று கேட்டிருக்கிறார்கள். வண்டியை உயர்த்தும்போது ரேடியஸ் ஆர்மின் பின்முனை சேஸியோடு மேலே போய்விடுகிறது. முன்முனை ஆக்ஸிலோடு கீழேயே நிற்கிறது. இதனால் ஆக்ஸில் முன்னோக்கிச் சுழன்று, காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துபோகிறது. திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவதும், நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயாமல் ஓடுவதும் இந்தக் கோணத்தை நம்பித்தான் இருக்கின்றன. அந்த இரும்புத் துண்டுகள் ஆர்மின் பின்முனையை மறுபடியும் கீழே இறக்கி, இழந்த காஸ்டரைத் திருப்பிக் கொடுக்கின்றன. இவை இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கை மாற்றி வாங்கிச் சென்ற வண்டிகள், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் முன்பக்கம் முழுவதும் தடதடவென்று ஆடுகிறது என்ற புகாரோடு எங்களிடம் வந்திருக்கின்றன. அந்த ஆட்டத்துக்குத் தேய்ந்த ட்ராக் பார் புஷ்ஷும் பால் ஜாயின்டும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், உயர்த்துவதற்கு முன்பே அவற்றையும் சோதிக்கிறோம். பலரும் ஸ்டீரிங்கின் அதிர்வைத் தணிக்கும் டேம்பரை மாற்றிவிட்டு நோய் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டேம்பர் ஆட்டத்தை மறைக்குமே தவிர, காரணத்தைத் தொடாது.

பின் ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு இறுக்கும் புதிய யு-போல்ட், நீண்ட பிரேக் ஹோஸ், ஆக்ஸில் மேலே வந்து மோதாமல் தடுக்கும் உயரமான பம்ப் ஸ்டாப் ஆகிய மூன்றையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யு-போல்ட் ஒருமுறை முழு இறுக்கத்தில் பூட்டப்பட்டதும் சற்றே நீண்டுவிடும். கழற்றியதைத் திரும்பப் போட்டால் அதே பிடிப்பு கிடைக்காது. இதில் பேரம் பேச எங்களால் முடியாது.

பில்லைப் பெருக்குவதுதான் எங்கள் நோக்கமென்றால், ஆறு அங்குலம் வேண்டும் என்று வருபவர்களில் பாதிப் பேரை நாங்களே இரண்டரை அங்குலத்தோடு திருப்பி அனுப்ப மாட்டோம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கனரகப் பிக்கப்புகள் பலவற்றில் 35 அங்குல டயர் போடுவதற்கு முன்பக்கத்தை இரண்டு அல்லது இரண்டரை அங்குலம் உயர்த்தும் லெவலிங் கிட் போதுமானது. அந்த அளவுக்குள், இருக்கும் ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் ஸ்பேசரையும் நாங்கள் தயங்காமல் பொருத்துகிறோம். ஸ்பேசரை நாங்கள் இழிவாகப் பேசுகிறோம் என்று சொல்வது சரியல்ல. ஸ்பேசர் உயரத்தைத் தரும், ஸ்பிரிங்கின் தன்மையை மாற்றாது. அதை அறிந்து கேட்பவருக்கு அது நல்ல தேர்வுதான்.

எங்கள் முன்மேசையில் "எத்தனை அங்குலம்?" என்பதற்கு முன்பு "பின்னால் என்ன ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்பதைச் சிலர் தொந்தரவாக எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே கனரகப் பிக்கப்பின் பின்பக்கம் சற்று உயர்ந்திருப்பது, பாரம் ஏறியதும் வண்டி மட்டமாக நிற்பதற்காகத்தான். வெறும் வண்டியில் அழகுக்காக மட்டப்படுத்திவிட்டு, பிறகு கனமான டிரெயிலரைப் பூட்டினால், பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் வானம் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். அடிக்கடி இழுவை வேலை செய்பவருக்குப் பின்பக்கத்தில் கூடுதல் ஸ்பிரிங் பட்டையோ துணை ஏர் ஸ்பிரிங்கோ தேவைப்படலாம். பின் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையே உயரம் கூட்டும் கட்டையான பிளாக் வைப்பதானால் ஒரே பிளாக்தான் வைப்போம்; ஏற்கெனவே இருக்கும் பிளாக்கின் மேல் இன்னொன்றை அடுக்கச் சொன்னால், எத்தனை நாள் பழக்கமானவராக இருந்தாலும் மறுத்துவிடுவோம்.

வண்டிக்கு வண்டி வழி மாறும் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் 2005 மாடலிலிருந்து முன்பக்கம் நேர் ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் இருப்பதால், மேலே சொன்ன கணக்கு முழுவதும் அவற்றுக்குப் பொருந்தும். ராம் 2500 வண்டிக்கு 2014 மாடலிலிருந்து பின்பக்கமும் காயில் ஸ்பிரிங்தான் என்பதால் பிளாக் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. செவர்லே, ஜிஎம்சி கனரக வண்டிகளில் முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்குகின்றன. காயில் ஸ்பிரிங்குக்குப் பதில், முறுக்கத்தால் ஸ்பிரிங் போல் வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பி இருக்கிறது. அந்தப் பாரின் திருகைக் கூட்டினாலே முன்பக்கம் உயர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடைவெளி குறைந்து, வண்டி ஒவ்வொரு மேட்டிலும் உதைக்கும். சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் சிவி ஜாயின்டும், சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயின்டும் தாங்காத கோணத்துக்குப் போகும். அதிக உயரம் வேண்டுமென்றால், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையே கீழிறக்கும் பிராக்கெட்டுகளோடு வரும் முழு கிட்தான் வழி. அதன் பில் இன்னும் நீளமாகவே இருக்கும்.

உயர்த்திய பிறகு ஏமாற்றம் அடைபவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, நேர் ஆக்ஸில் வண்டியில் எத்தனை அங்குல கிட் போட்டாலும் டிஃபரன்ஷியல் குடம் தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் டயரின் விட்டம் கூடியதில் பாதி அளவுக்குத்தான். இன்னொன்று, கிட் போட்டதால் வண்டி தாங்கும் பாரம் கூடிவிடாது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மொத்த எடை வரம்பு அப்படியே இருக்கும். கிட்டும் கனமான டயர்களும் அந்த வரம்பிலிருந்தே தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். 33 அங்குல டயரிலிருந்து 35க்கு மாறினால், ஸ்பீடோமீட்டரைத் திருத்தாத வரை அது 100 காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 106 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் சுமைக் குறியீட்டு எண், பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஈர்ப்பு மையம் மேலே போவதால் வளைவுகளில் வண்டி முன்பு போல் நடந்துகொள்ளாது என்பதையும், கேமராவும் ராடாரும் உள்ள புதிய வண்டிகளில் அவற்றை மறுபடி அளவமைக்க வேண்டும் என்பதையும் சாவியைக் கையில் தரும்போது நாங்கள் சொல்லியே தருகிறோம்.

இவற்றையெல்லாம் பில் போடுவதற்கு முன்பே தாளில் எழுதித் தர வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இனி ஒவ்வொரு பாகத்துக்கு எதிரிலும் அது ஏன் வருகிறது என்று ஒரு வரி எழுதிய மதிப்பீட்டுத் தாளைத் தந்து, உங்கள் கையெழுத்துக்குப் பிறகே வேலையைத் தொடங்குவோம். எங்கள் அலைன்மென்ட் பிரிவை நெடுங்காலம் கவனித்துவந்த மூத்த தொழிலாளி வேறு வேலைக்குச் சென்றுவிட்டதால், இப்போதைக்கு முன்பதிவு செய்தவர்களின் வண்டிகளை மட்டும் அலைன்மென்ட்டுக்கு எடுக்கிறோம். 800 கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கும் சோதனையும் வழக்கம்போல் நடைபெறும், அதற்குரிய சிறு கட்டணம் அடுத்த மாதத்திலிருந்து பில்லில் தனியே வரும்.

அந்தப் படம் பரவிய நாட்களில், எங்களிடம் வேலை செய்துகொண்ட தங்கள் வண்டிகளின் பில்லைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லி எங்களுக்காகப் பிறரிடம் வாதாடிய வாடிக்கையாளர்கள் பலர் உண்டு. நாங்கள் கேட்காமலேயே அதைச் செய்தீர்கள். தந்தையின் வண்டிக்கு வேலை செய்த இடம் என்று பிள்ளைகளும் தேடி வரும் பணிமனை இது. அந்த நம்பிக்கைக்கு எங்கள் தொழிலாளர்கள் அனைவரின் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

அடுத்து வருபவர்கள், வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டியை எடைமேடையில் நிறுத்தி, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் எடைகளைத் தனித்தனியே குறித்த சீட்டையும், இழுக்கும் டிரெயிலரின் ஹிட்ச் (பூட்டும் இணைப்பு) உயரத்தையும் கொண்டுவந்தால் மதிப்பீட்டை அன்றே முடித்துத் தந்துவிடலாம். சிவப்பு வட்டமிட்ட பில்லைக் கொண்டுவந்து விளக்கம் கேட்பவர்களுக்கும், பணி நேரத்தில் எப்போது வந்தாலும், வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு பாகமாகக் காட்டச் சித்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளரும் பணிமனைத் தொழிலாளர்களும்