ராத்திரி பத்து மணிக்கு மேல குழாய் ஸ்பீக்கர் வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கம்பம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்க தெருவுல பாதி வீட்டுப் பொம்பளைங்க ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போறவங்க, தோட்டமெல்லாம் மேட்டுக்கு மேல கேரளாவுல இருக்கு, நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கித் தூக்குவாளியில போட்டுக்கிட்டு இருட்டுலயே ஜீப்புக்கு நிக்கணும், ஜீப்ப விட்டா அன்னைக்குச் சம்பளம் போச்சு. போன மாசம் கோயில் திருவிழாவுக்குச் சாமி சாட்டுனப்ப மூணு ராத்திரி ரேடியோ செட்டு ஒரு மணி வரைக்கும் ஓடுச்சு. எங்க சாமிதான், நானும் தலைக்கட்டு வரி குடுத்தவன், எங்க வீட்டுல இருந்தும் முளைப்பாரி போச்சு. சின்ன வயசுல குழாய் கட்டுற அன்னைக்கு எனக்குச் சோறே எறங்காது, அவ்வளவு சந்தோஷம்.

மூணாவது ராத்திரி பொறுக்க முடியாம போலீசுக்கு போன் போட்டேன். வருஷத்துக்கு ஒருதடவைதானே, அனுசரிச்சுப் போங்கன்னாங்க. விடிஞ்சா யார் போன் பண்ணுனதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு, டீக்கடையில நாலு பேரு சாமி கும்பிடுறது எங்க உரிமை அதைக் கேக்க நீ யாருன்னு சண்டைக்கு வந்துட்டாங்க.

உரிமைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த உரிமையைக் குடுக்குற அரசியல் சட்டம் 25வது பிரிவே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இதுக்கெல்லாம் உட்பட்டுத்தான்னு சொல்லித்தான் ஆரம்பிக்குது. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும் வெட்டவெளியில குழாய் போடக்கூடாது, திருவிழாவுக்கு அரசாங்கம் 12 மணி வரைக்கும் விட்டுக்குடுக்கலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கிடையாது. அதே 2000ல சென்னையில ஒரு சர்ச் சம்பந்தப்பட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, அடுத்தவங்க அமைதியக் கெடுத்து ஜெபம் பண்ணுன்னு எந்த மதமும் சொல்லலன்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஒலி மாசு பத்தி அதே கோர்ட்டு குடுத்த 2005 தீர்ப்புக்குக் காரணமான சம்பவத்தைப் படிச்சப்ப எனக்கு மனசே ஆறல, 13 வயசுப் பிள்ளைய நாசம் பண்ணும்போது அது கத்துன கத்து பக்கத்துல ஓடுன ஸ்பீக்கர் சத்தத்துல யாருக்கும் கேக்காமப் போச்சு.

கண்ணை மூடிக்கலாம், காதை எப்படிங்க மூடுறது? இன்னொன்னும் யோசிங்க, ஜீப்பு ஓட்டுற தம்பியும் எங்க தெருதான், ரெண்டு மணிநேரம் தூங்கிட்டு அத்தனை பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு அந்தக் கொண்டை ஊசி வளைவுல ஏறுறான், அன்னைக்கு விடியக்காலம் என் சம்சாரமும் அந்த வண்டியிலதான் போனா, அவ தோட்டத்துல இறங்கிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் நான் வாசல்லயேதான் உக்காந்திருந்தேன்.

கோயில், பள்ளிவாசல், சர்ச், கட்சிக் கூட்டம், கல்யாண மண்டபம் எல்லாருக்கும் ஒரே நேரக் கணக்கு வைங்க, ஒருத்தருக்கு விட்டுட்டு இன்னொருத்தரப் புடிச்சா அப்புறம் ஊரே ரெண்டாகும். அனுமதி குடுக்கும்போதே செட்டுக்காரர்கிட்டயும் எழுதி வாங்கிக்கங்க. முக்கியமா புகார் சொன்னவன் பேரை வெளிய விடாதீங்க. ஆடியில அடுத்த கோயில்ல சாட்டுறாங்க, அதுக்குள்ள அதிகாரிங்க பார்வைக்கு இது போகணும்னுதான் உங்களுக்கு எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கம்பம், தேனி மாவட்டம்